உப்புப் போடாத கஞ்சி

எங்கள் கெம்பஸில் நோன்பு காலத்தில் பகலில் தண்ணீர் குடிக்கிற ஒரே ஆள் நான்தான். அதை ஒரு பதவி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் எண்பத்திரண்டாம் வருடத்து மழையில்லாத கச்சான் காற்றுக் காலத்தில், எங்கள் கிணறு கெட்டுப்போகிறது என்பது என் ஒருத்தியின் நாக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? அதை யாருக்கும் காட்ட முடியவில்லை.

கெம்பஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. கல்முனைக்குடியின் கடற்கரைப் பக்கமாக, தென்னைகளுக்கு நடுவே இரண்டு நீளக் கட்டடம், ஒரு பெண்கள் விடுதி, ஒரு கிணறு. மேலிடத்தில் எங்களைப் பல்கலைக்கழகக் கிளை என்றார்கள். ஊர்ச்சனம்தான் கெம்பஸ் என்று மரியாதை கொடுத்தது. நான் அங்கே புவியியல் படிப்பித்தேன். திருக்கோவில்காரி, பெயர் மீனாம்பிகை, கலியாணம் பேசி வந்தவர்கள் எல்லாம் ஓய்ந்து வெகுகாலமாகிவிட்ட வயது. இரவில் தங்க ஆள் வேண்டும் என்றபோது மற்ற எல்லோருக்கும் குடும்பம் இருந்தது. அதனால் விடுதிக்கும் நானே பொறுப்பானேன்.

தலைவர் கலாநிதி ஜவுபர் நல்ல மனிதர். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். அவர் சீமையில் படித்தவர். பல்கலைக்கழகம் என்றால் புல்தரை என்று அங்கே அவர் மனதில் பதிந்துவிட்டது. கட்டடத்துக்கு முன்னால் மணலைப் பிடித்துக்கொண்டு கிடந்த அடம்பன் கொடியை வேரோடு இழுத்துப் போட்டு, மலைநாட்டிலிருந்து லொறியில் புல் கொண்டுவந்து பதித்தார். கடல் மணலில் மலைநாட்டுப் புல்! அது சாகாமல் இருக்கக் கிணற்றுக்கு மோட்டர் வந்தது. விடிந்ததில் இருந்து பொழுதுபட்டு மஃரிப் தொழுகை வரும்வரை மோட்டர் ஓடும், மணல் குடிக்கும், புல் பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக நிற்கும். அவர் மாலையில் அதன் ஓரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். பார்க்கப் பாவமாகவும் இருக்கும், ஆத்திரமாகவும் இருக்கும்.

கடற்கரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் தனியாகக் கிடப்பதில்லை. கண்ணாடி விளக்கில் தண்ணீருக்கு மேல் எண்ணெய் நிற்கிற மாதிரி, உப்புத் தண்ணீருக்கு மேல் மழைத் தண்ணீர் மெல்லிசாக நிற்கிறது. வாளியால் அள்ளினால் தாங்கும். மோட்டரால் உறிஞ்சினால் கீழே இருப்பது மேலே வரும். இதை நான் வகுப்பில் படம் கீறிப் படிப்பித்தேன். பிள்ளைகள் படத்தை அழகாகக் கொப்பியில் கீறிக்கொண்டு போய், மோட்டர்த் தண்ணீரில் தலை முழுகினார்கள்.

அந்த வளாகத்தில் என்னோடு மனம்விட்டுக் கதைக்கிற ஒரே ஆள் விடுதிச் சமையல்காரி சுபைறா. என்னைவிட நாலைந்து வயது கூட. பிள்ளைகள் அக்கா முறையில் ராத்தா என்பார்கள், நானும் ராத்தா என்பேன். புருசன் மௌத்தாகி, இருந்த வீட்டை மகள் றம்ஸியாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டார். மருமகன் வந்து குடியேறிய பிறகு, தான் போட்ட முற்றத்திலேயே விருந்தாளி மாதிரி நிற்கப் பிடிக்காமல், விடுதிக் குசினிக்குப் பக்கத்து அறையில் பாயைப் போட்டுக்கொண்டார். நோன்பு காலத்திலும் எனக்கென்று பகலில் ஒரு பிடி சோறு ஆக்குவார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். தட்டை மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசலில் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவார்.

“நீங்க தின்னுங்க மிஸ். நான் பாத்தா எனக்கு எச்சில் ஊறும்.”

அவர் முதுகைப் பார்த்தபடி நான் சாப்பிடுவேன். மகளைப் பற்றி, மீன் விலையைப் பற்றி, என் தமையன் பெண்சாதியின் குணத்தைப் பற்றியெல்லாம் கதை போகும். ஒரு நாளில் எனக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நோன்பு தொடங்கிச் சில நாள் கழித்து நான் ஒரு சனி ஞாயிறு திருக்கோவிலுக்குப் போய் வந்தேன். திங்கட்கிழமை வந்ததும் பானையில் மொண்டு ஒரு வாய் குடித்தேன். சவர்! உப்புக் கரிப்பு நாக்கின் இரண்டு பக்கமும் பிடித்தது. அங்கேயே இருந்தவர்களுக்கு அது நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் பழகிவிட்டது. ஊர் போய் நல்ல தண்ணீர் குடித்துவிட்டு வந்த நாக்கைத்தான் ஏமாற்ற முடியவில்லை. அன்றைக்குக் கறியிலும் உப்புத் தூக்கலாக இருந்தது.

“ராத்தா, உப்பு எவ்வளவு போட்டீங்க?”

“எப்பவும் போடுற அளவுதான் மிஸ். ஏன், கூடிட்டா? நுனி நாக்கில வெச்சுத் துப்பினா நோன்பு முறியாதெண்டு பள்ளிவாசல் லெப்பை செல்லுறார்தான். எனக்கு மனசு வரல்ல. கை அளவை நம்பித்தான் போடுறன்.”

நான் ஒரு கிளாஸில் தண்ணீரை எடுத்துக்கொண்டு நேரே தலைவரின் அறைக்குப் போனேன். மோட்டரால் கிணறு கெட்டுப்போகிறது என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மிஸ், கடற்கரைத் தண்ணி கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தானே இரிக்கும்.”

“இது கொஞ்சமில்ல சேர். ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.”

கிளாஸை அவர் முன்னால் நீட்டிவிட்டேன். அவர் கிளாஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நோன்பு மிஸ்” என்றார் மெதுவாக.

எனக்கு முகம் எரிந்தது. பக்கத்து மேசையில் இருந்த கிளாக்கர் மீராசா குனிந்து சிரிப்பதை அடக்கினார். ஆத்திரத்தில் எனக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. தலைவர் என்னைச் சங்கடப்படுத்தாமல், “மஃரிபுக்குப் பிறகு பார்ப்பம்” என்றார். ஆனால் மஃரிபுக்கு அவர் சாய்ந்தமருதில் தன் வீட்டில் இருப்பார், தன் கிணற்றுத் தண்ணீர் குடிப்பார். ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் கேட்டால், வீட்டில் யாரோ பூமரத்துக்கு ஊற்றிவிட்டார்களாம். இன்னொரு போத்தல் கொடுத்தேன். அது காரிலேயே கிடந்தது. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பலாம் என்றால், எங்களிடம் ஆய்வுகூடம் இல்லை. கொழும்புக்கு அனுப்பினால் பதில் வருமுன் மாரி மழை வந்துவிடும்.

மாலையில் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஈத்தம்பழத்தைக் கடித்து, சீனி அள்ளிப் போட்ட சர்பத்தைக் குடித்து நோன்பு திறக்கிற வாய்க்கு எந்தத் தண்ணீரும் அமிர்தம்தான். “நல்லாத்தானே மிஸ் இரிக்கி” என்றார்கள். அவர்களில் சிலர் சில நாள் நோன்பு பிடிப்பதில்லை, அது பெண்களுக்கு உள்ளதுதான். அந்த நாட்களில் அவர்களும் பகலில் தண்ணீர் குடிப்பார்கள், யாருக்கும் தெரியாமல். இறுதி வருடத்து நபீலா ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

“மிஸ், எனக்கும் தெரியும். தண்ணி கரிக்குது. ரெண்டு நாளாக் குடிச்சுப் பாக்குறன்.”

“அப்ப வாவன், சேரிட்ட வந்து சொல்லு.”

“என்ன மிஸ் கதைக்கிறீங்க! பகல்ல தண்ணி குடிச்சன் எண்டு சேருக்கு முன்னால எப்பிடிச் செல்லுற? எனக்கு வெக்கமில்லையா?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சாட்சி இருந்தும் கூப்பிட முடியாத வழக்கு என்னுடையது. அவள் போன பிறகு அறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மோட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது. அன்றைக்குப் போல எனக்கு எப்போதும் தனிமையாக இருந்ததில்லை.

இதற்குள் கஞ்சிக் கதை பெரிதாகிவிட்டது. நோன்புக் கஞ்சியை சுபைறா ராத்தா மதியம் கடந்ததும் அடுப்பில் ஏற்றுவார். அரிசியும் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் பின்னேரத்து அஸர் தொழுகை வரை கொதித்து வற்றும். பிள்ளைகளுக்குப் போக, ஆண்கள் பகுதிக்கும் தலைவர் வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் போகும். ஊரே மெச்சிய கஞ்சி அது. இப்போது ஒவ்வொரு நாளும் சட்டி பாதியாகத் திரும்பி வந்தது. உப்பு, உப்பு, உப்பு. தண்ணீர் வற்ற வற்ற அதிலிருந்த சவர் இறுகியது. அதற்கு மேல் இவர் கை அளவு, அதைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் சவர் முந்திக்கொண்டது. யாரும் கிணற்றைச் சந்தேகிக்கவில்லை. சமையல்காரியைச் சந்தேகிப்பது எவ்வளவு சுலபம்!

தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“சுபைறாவுக்கு வயசு போச்சுப் போல மிஸ். கை தடுமாறுது. பெருநாளோட வேற ஆள் பாப்பம். மனம் நோகாம நீங்களே செல்லிடுங்க.”

நான் சொல்லவில்லை. ஆனால் வளாகத்தில் எந்தப் பேச்சு மறைந்து இருந்தது? அடுத்த நாள் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுபைறா ராத்தா வழமைபோல வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த முதுகு குலுங்கியது.

“என்ட கை கெட்டுப்போச்சாம் மிஸ்.”

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். மோட்டரையும் கிணற்றையும் பற்றி எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். பிறகு, மனதில் ஓடிய வழியையும் சொன்னேன். தலைவர் நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒருநாள் எல்லோரையும் கூட்டி வளாகத்திலேயே நோன்பு திறப்பார். அன்றைக்குக் கஞ்சிக்கு உப்பே போடக் கூடாது.

“ஆனா ஒண்டு ராத்தா. இது நிரூபணமானா விடுதிய மூடத்தான் வேணும். மாரி மழை வரும்வரை கிணத்தச் சும்மா விட்டாத்தான் தப்பும். பிள்ளயள் போயிருவாங்க. உங்களுக்கும் இஞ்ச இடமில்லாமப் போகும்.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“செல்லாட்டியும் பெருநாளோட போகத்தானே போறன். கை கெட்டவ எண்டு பேரெடுத்துப் போறதா, இல்ல கிணறு கெட்டதால போறதா? கிணறு கெட்டதாலயே போறன் மிஸ்.”

“மகள் வீட்டில இருப்பீங்களா?”

“அது மறுகா பாக்கிற கதை.”

எனக்கு ஒரு கணம் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் போல இருந்தது. தண்ணீர் சவரானால் என்ன, சவர்த் தண்ணீர் குடித்துக்கொண்டு எத்தனை ஊர் இருக்கிறது! தலைவரின் காலில் விழுந்தாவது இவரை இங்கேயே வைத்துக்கொண்டால், நான் சாப்பிடும்போது வாசலில் ஒரு முதுகாவது இருக்கும். ஆனால் கிணறு முற்றாகச் செத்துவிட்டால் விடுதியும் செத்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பெண்பிள்ளையை எந்தத் தகப்பன் இங்கே அனுப்புவான்? நான் விட்டுவிடவில்லை.

அந்த நாள் வந்தது. காலையிலேயே குசினியில் இருந்த உப்புச் சிரட்டையை எடுத்துவந்து என் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டேன். அடுப்படியில் யாரும் கை வைக்க வழியில்லை. சுபைறா ராத்தா கஞ்சியைக் கிண்டிக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், திரைக்கு அப்பால் பிள்ளைகள் ஒரு பக்கம். பாங்கு கேட்டது. ஈத்தம்பழம் போனது, சர்பத் போனது, பிறகு கோப்பைகளில் கஞ்சி. தலைவர் ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார். முகம் மலர்ந்தது.

“மாஷா அல்லாஹ்! இண்டைக்குத்தான் கஞ்சி கஞ்சியா இரிக்கி. உப்பு அளந்து வெச்ச மாதிரி.”

எல்லோரும் ஆமோதித்தார்கள். மீராசா இரண்டாம் கோப்பைக்குக் கை நீட்டினார். நான் கதவடியில் நின்றிருந்தேன்.

“சேர், இண்டைக்குக் கஞ்சிக்கு உப்புப் போடல்ல.”

மீராசா சிரித்தார். “அப்ப இந்த உப்பு எங்கால மிஸ் வந்த?”

“கிணத்தால.”

தலைவர் குசினிப் பக்கம் திரும்பினார். “சுபைறா, மிஸ் செல்லுறது உண்மையா?”

சுபைறா ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “இப்பதான் நோன்பு திறந்த வாய் சேர், பொய் வராது. நான் உப்பத் தொடவே இல்ல. சிரட்ட மிஸ்ஸிட அறையில பூட்டிக் கெடக்கு.”

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். பானைத் தண்ணீரில் ஒரு கிளாஸ் கேட்டார். வெறும் தண்ணீர். ஈத்தம்பழமும் சர்பத்தும் இல்லாமல் எங்கள் கிணற்றுத் தண்ணீரை அவர் குடித்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். கண்ணை மூடி விழுங்கினார். பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மோட்டர் நின்றது. அது நின்ற பிறகுதான் கடல் இரைவது மண்டபத்துக்குள் கேட்டது.

திரும்பி வந்தவர் முதலில் சுபைறா ராத்தாவிடம் போனார். “என்ன மன்னிச்சுக்க புள்ள” என்றார், எல்லோருக்கும் முன்னால். அதனால்தான் அவரை நல்ல மனிதர் என்று சொன்னேன்.

கிணற்றுக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். ஓய்வு கொடுக்க வேண்டும் என்றேன். பெருநாளோடு விடுதியை மூடி, வகுப்புகளை ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றி, மழைக்குப் பிறகு திறப்பது என்று முடிவாயிற்று. இனி மோட்டர் இல்லை, வாளிதான். தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்த தண்ணீரும் குசினித் தண்ணீரும் வாழைக்கும் தென்னம்பிள்ளைக்கும் போக வாய்க்கால் வெட்டுவது. புல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. வளாகத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்றபோது நான் இருக்கிறேன் என்றேன். திருக்கோவிலில் தமையன் வீட்டில் எனக்கு ஒரு பாய் உண்டு, ஒரு மூலை இல்லை.

சுபைறா ராத்தா போகும்போது ஒரு பெட்டியும் பாய்ச்சுருளும்தான் இருந்தன.

“மழை விழுந்து தண்ணி தெளிஞ்ச உடன வந்து சொல்லுறன் ராத்தா” என்றேன். “முதல் வாய் உங்களுக்குத்தான்.”

“இன்ஷா அல்லாஹ்” என்றார். கேற்றடியில் நின்று திரும்பிப் பார்த்தார். “உப்பத் தொட்டுராதிங்க மிஸ். தண்ணியே பாத்துக்கும்.” இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு மூன்று நாலு மாதம் நானும் கிணறும் மட்டும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. பகலில் ஊருக்குள் போய்ப் படிப்பித்துவிட்டு வருவேன், தண்ணீர் தெளிந்த சேதி இல்லாமல் ராத்தாவின் மகள் வீட்டுப் பக்கம் போவதில்லை என்று இருந்தேன். புல் செத்து வைக்கோலாகியது. அதன் மேல் அடம்பன் கொடி தானாக ஊர்ந்து வந்தது, ஊதாப் பூவும் பூத்தது. கறிக்கு உப்புப் போடாமல் சமைக்கக் கை பழகிவிட்டது. சாப்பிடும்போது வாசலைப் பார்க்கக் கூடாது என்று நினைப்பேன், பார்ப்பேன்.

ஐப்பசி போய்க் கார்த்திகையில் மழை பிடித்தது. இரவு பகலாகக் கொட்டி, தென்னந்தோப்பெல்லாம் தண்ணீர் நின்று, மணல் அதைக் குடித்து முடித்தது. மழை விட்டும் நான் வழமைபோல ஒரு வாளிதான் அள்ளினேன். தேநீருக்குச் சீனி கூடப் போடுகிறவள் நான், அதனால் அதில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பருப்பு ஆக்கிச் சோற்றில் ஊற்றி வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது. காய்ச்சல் வரப்போகிறதோ என்று நினைத்தேன். இன்னொரு வாய் வைத்தேன். உப்பில்லை. ஒரு துளி உப்பில்லை!

பாய்ந்து போய்ப் பானையில் மொண்டு குடித்தேன். அப்படியொரு இனிப்பு. சந்தோஷத்தில் வாசலைப் பார்த்து, “ராத்தா!” என்று கத்திவிட்டேன். என் சத்தம் காலி விடுதிக்குள் போய்த் திரும்பி வந்தது.

தட்டை அப்படியே மூடி வைத்தேன். ஒரு போத்தலைக் கழுவித் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஊருக்குள் றம்ஸியா வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் அவரோடு கதைத்துக்கொண்டே போனேன். தை பிறந்ததும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், குசினிக்குப் புது ஓடு போடச் சொல்ல வேண்டும், உப்புச் சிரட்டை என்னிடம்தான் இருக்கிறது.

றம்ஸியா கதவைத் திறந்தாள். இடுப்பில் பிள்ளை.

“உம்மா குவைத்துக்குப் போயிட்டாவே மிஸ். ஒரு வீட்டில சமையலுக்கு. போன கிழமதான் கொழும்பால ஏறின.”

“எனக்குச் சொல்லல்லயே.”

“செல்லத்தான் வந்தாவாம். போறதுக்கு முந்தின சனிக்கிழம. கேற்றுப் பூட்டிக் கெடந்திச்சாம். கனநேரம் மழையில நிண்டு பாத்திட்டு வந்தா.”

அந்தச் சனிக்கிழமை நான் திருக்கோவிலில் இருந்தேன். தமையனுடைய பிள்ளைக்குப் பிறந்தநாள். போகாமல் விட்டாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

றம்ஸியா போத்தலைப் பார்த்தாள். “இது என்ன மிஸ்?”

“எங்கட கிணத்துத் தண்ணி. குடிச்சுப் பாருங்க.”

அவள் மரியாதைக்காக ஒரு வாய் குடித்தாள். பிள்ளைக்கும் கொஞ்சம் பருக்கினாள்.

“நல்ல தண்ணி மிஸ்” என்றாள். “எங்கட கிணத்துத் தண்ணியும் இப்பிடித்தான்.”

“ஓம்” என்றேன்.

திரும்பி வந்து தட்டைத் திறந்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. சிரட்டையை எடுத்துப் பருப்பில் உப்புப் போட்டேன். பழக்கம் விட்டுப்போன கை, அளவு தப்பிக் கூடிவிட்டது. வாசலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, அதை அப்படியே நானே தின்று முடித்தேன்.